ஸ்ட்ரீம்லைன் பண்றதுன்னா என்ன? ஒரு பில் க்ளெய்மை வச்சு முழுசா பார்ப்போம்

வணக்கம் மக்களே. ஆபீஸ் மீட்டிங்ல அடிக்கடி காதுல விழுற வார்த்தை, ‘இந்த ப்ராசஸை ஸ்ட்ரீம்லைன் பண்ணணும்’. கேக்குற ஒருத்தர் ‘வேகமா முடிக்கச் சொல்றாங்க’ன்னு எடுத்துக்குவார். இன்னொருத்தர் ‘புது சாஃப்ட்வேர் வரப்போகுது’ன்னு நினைப்பார். மூணாவது ஆள் ‘ஆளைக் குறைக்கப் போறாங்க’ன்னு பயந்துடுவார். ஒரே வார்த்தைக்கு மூணு அர்த்தம் ஓடுச்சுன்னா வேலை அங்கயே சிக்கிடும். அதனால முதல்ல அர்த்தத்தைத் தெளிவாக்கிட்டு, அப்புறம் நிஜமா எப்படிச் செய்யணும்னு ஒரே ஒரு எடுத்துக்காட்டை வச்சுப் பார்க்கலாம்.

இந்த வார்த்தை வந்தது திரவ இயக்கவியல்ல இருந்து. தண்ணியோ காத்தோ ஓடுற திசையைக் காட்டுற கோடுதான் ஸ்ட்ரீம்லைன். அந்த ஓட்டத்தைக் கலைக்காத வடிவத்துக்கு ஸ்ட்ரீம்லைன்டுன்னு பேரு. 1930கள்ல ரயில், கார் எல்லாம் இந்த வடிவத்துக்கு மாறுச்சு. 1934ல வந்த கிரைஸ்லர் ஏர்ஃப்ளோ கார் அதுல பேர் போனது. இதுல ஒரு விஷயத்தை நிறைய பேர் கவனிக்கறதில்ல. முன்பக்கம் கூர்மையா இருந்தா போதும்னு நினைப்போம். ஆனா கார், ரயில் ஓடுற வேகத்துல பின்பக்கம்தான் பெரிய பிரச்சினை. பின்பக்கம் சட்டுனு வெட்டின மாதிரி முடிஞ்சா, காத்து அங்க பிரிஞ்சு சுழல ஆரம்பிக்கும். அந்தச் சுழல்தான் வண்டியைப் பின்னால இழுக்கும். வேலையிலயும் அதேதான். ஒருத்தர் கையில வேலை நடக்கும்போது பெரும்பாலும் நேரம் வீணாகறதில்ல. அவர் முடிச்சு வச்சதுக்கும் அடுத்தவர் எடுக்கறதுக்கும் நடுவுலதான் எல்லாமே தேங்குது.

தமிழ்ல ‘சீராக்குறது’, ‘எளிமையாக்குறது’ன்னு சொன்னா சரியா இருக்கும். ‘நெறிப்படுத்துறது’ன்னும் எழுதுறாங்க, ஆனா அதைக் கேட்டா புது விதி போடப் போறாங்கன்னு தோணும், இங்க நடக்கவேண்டியது அதுக்கு நேர் எதிர்.

சரி, எடுத்துக்காட்டுக்கு வருவோம். ஊழியர் ஒருத்தர் கைக்காசு போட்டு ஆபீஸ் செலவு பண்ணிட்டு, பில் வச்சுப் பணத்தைத் திரும்பக் கேக்குறார். ஃபாரம் நிரப்ப 10 நிமிஷம். டீம் லீடர் கையெழுத்துக்கு 2, துறைத் தலைவர் கையெழுத்துக்கு 2. அக்கவுண்ட்ஸ்ல பில் சரிபார்க்க 8. ரிஜிஸ்டர்ல எழுத 5, அதையே சிஸ்டம்ல ஏத்த 5. ஃபைனான்ஸ் மேனேஜர் ஒப்புதல் 3, பணம் அனுப்ப 3. கூட்டினா 38 நிமிஷம். ஆனா பணம் கைக்கு வர 12 வேலை நாள் ஆகுதுன்னு வச்சுக்குவோம். ஒரு நாளைக்கு 8 மணி நேரம்னா 12 நாள்ல 5,760 நிமிஷம். அதுல நிஜமா வேலை நடந்தது ஒரு சதவீதம்கூட இல்ல! இப்ப எல்லாரையும் ரெண்டு மடங்கு வேகமா வேலை பார்க்கச் சொன்னா என்ன கிடைக்கும்? 19 நிமிஷம் மிச்சமாகும். 12 நாள் 12 நாளாவேதான் இருக்கும்.

அதனால முதல் வேலை, ஒரு பேப்பரை எடுத்து நடக்கறதை நடக்குற மாதிரியே எழுதுறது. மேனுவல்ல இருக்கறதைப் பார்த்து எழுதாதீங்க. ஒரு நிஜ ஃபாரத்தைக் கையில வச்சுக்கிட்டு, அது போன மேஜை ஒவ்வொண்ணுக்கும் போய்க் கேளுங்க: எப்ப வந்துச்சு, எப்ப எடுத்தீங்க, எப்ப முடிஞ்சுது? இந்த மூணு நேரமும் வேணும். வேலை செய்யுற முறையை ஆராய்ஞ்ச ஃப்ராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் தம்பதி 1921லயே ப்ராசஸ் சார்ட்டுன்னு இதுக்கு ஒரு முறை கொண்டு வந்தாங்க. இன்னைக்கு அதுல அஞ்சு குறி பயன்படுது: வேலைக்கு வட்டம், நகர்வுக்கு அம்பு, சோதனைக்குச் சதுரம், காத்திருப்புக்கு ஆங்கில ‘டி’ எழுத்து, சேமிப்புக்கு முக்கோணம். நம்ம ஃபாரத்துக்கு வரைஞ்சா பக்கம் முழுக்க ‘டி’யாத்தான் இருக்கும். எங்க ‘டி’ நீளமா இருக்கோ அங்க இருந்து ஆரம்பிங்க.

அடுத்தது மாத்துற வரிசை. நீக்கு, சேர், இடம் மாத்து, எளிமையாக்கு. இந்த வரிசை ரொம்ப முக்கியம். தேவையே இல்லாத ஒரு படியை உக்காந்து எளிமையாக்கினா உழைப்பு அத்தனையும் வீண். சாஃப்ட்வேர் இது நாலுக்கும் அப்புறம்தான். சிக்கலா இருக்குறதை அப்படியே சாஃப்ட்வேர்ல ஏத்தினா, அந்தச் சிக்கலை அப்புறம் மாத்துறது கஷ்டம். மாத்தணும்னா ஒவ்வொரு தடவையும் டெவலப்பரைக் கூப்பிடணும்.

நீக்குறது: துறைத் தலைவர் கையெழுத்து. அவர் கடைசியா எப்ப ஒரு ஃபாரத்தை நிராகரிச்சார்னு பாருங்க. சின்னத் தொகைக்கு ஒரு தடவைகூட நிராகரிக்கலைன்னா, ஒரு வரம்பு வச்சு அதுக்குக் கீழ இருக்குறதுக்கு அவர் கையெழுத்து வேண்டாம்னு எழுத்துல போட்டுடலாம். சேர்க்குறது: ரிஜிஸ்டரும் சிஸ்டமும். ஒரே தகவலை ரெண்டு தடவை எழுதினா 5 நிமிஷம் மட்டும் போகல. ரெண்டும் ஒத்துப்போகாம, மாசக் கடைசியில எது சரின்னு தேடுற நேரமும் போகுது.

இடம் மாத்துறதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, ஏன்னா செலவே இல்ல. இப்ப பில் சரிபார்ப்பு ரெண்டு கையெழுத்துக்கு அப்புறம் நடக்குது. பில்லுல தேதி இல்லன்னா ஃபாரம் முதல் ஆளுக்கே திரும்பும், மறுபடி ரெண்டு கையெழுத்து, மறுபடி காத்திருப்பு. சரிபார்ப்பை முன்னாடி கொண்டு வந்துட்டா தப்பு வாசல்லயே பிடிபடும். ஒரு கணக்கு சொல்றேன். நாலு படி, ஒவ்வொண்ணுலயும் நூத்துக்கு 90 சரியா போகுதுன்னு வைங்க. கேக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா நாலையும் தாண்டி ஒரு தடவைகூடத் திரும்பாம வர்றது நூத்துக்கு 66தான்.

எளிமையாக்குறதுன்னா, ஃபாரத்துல யாருமே படிக்காத கட்டங்களை எடுங்க, நிரப்பின மாதிரி ஒண்ணைப் பக்கத்துல ஒட்டுங்க. அவ்வளவுதான்.

பெண்டிங்கைப் பத்தி ஒரு கணக்கு இருக்கு. ஜான் லிட்டில் 1961ல நிரூபிச்சது, லிட்டில்ஸ் லா. நிலுவையில 60 ஃபாரம் இருக்கு, ஒரு நாளைக்கு 5 முடியுதுன்னா, புதுசா வர்ற ஃபாரம் சராசரியா 12 நாள் காத்திருக்கும். நிலுவையை 20க்குக் கொண்டு வந்தா 4 நாள். யாரும் வேகமா வேலை பார்க்க வேண்டியதில்ல. பழைய குவியலை ஒரே ஒரு முறை கூடுதல் நேரம் ஒதுக்கிக் கரைச்சுட்டு, அப்புறம் சேர விடாம பார்த்துக்கணும்.

ஏன் சேருதுன்னா, நம்ம எடுத்துக்காட்டுல அக்கவுண்ட்ஸ் பணத்தை வெள்ளிக்கிழமை மட்டும்தான் அனுப்புறாங்கன்னு வைங்க. அவங்க மேல கோபப்படாதீங்க, காரணம் இருக்கு. ஒவ்வொரு தடவையும் ஃபைல் தயார் பண்ணணும், கணக்கு எண் சரிபார்க்கணும், அங்கீகாரம் வாங்கணும். இந்த ஆயத்த வேலை பெருசா இருக்கும்வரைக்கும் மொத்தமா சேர்த்துத்தான் செய்வாங்க. டொயோட்டாவுல இதே சிக்கல் இருந்துச்சு. உலோகத் தகட்டை அழுத்தி வடிவம் குடுக்குற 1,000 டன் பிரஸ் மெஷின்ல, அந்த வடிவத்துக்கான அச்சை (டை) மாத்த 4 மணி நேரம் ஆச்சு. 1969ல ஷிகேயோ ஷிங்கோங்கிற ஜப்பான் இன்ஜினியர் அதை 90 நிமிஷத்துக்குக் கொண்டு வந்து, அப்புறம் 3 நிமிஷமாவே ஆக்கினார். மெஷின் ஓடும்போதே செய்யக்கூடிய வேலையையும் நிறுத்தினா மட்டுமே செய்யக்கூடிய வேலையையும் பிரிச்சதுதான் அதோட அடிப்படை. இங்கயும் அதே மாதிரி, கணக்கு எண்ணை ஃபாரம் உள்ள வரும்போதே சரிபார்த்துட்டா, பணம் அனுப்புற அன்னைக்கு அங்கீகாரம் மட்டும்தான் மிச்சம். அப்ப வாரத்துக்கு ரெண்டு தடவை அனுப்புறது பாரமா இருக்காது.

எங்க கை வைக்கக்கூடாதுன்னும் சொல்லிடறேன். பணம் கேக்குறவரே அதை அங்கீகரிக்கிற நிலை வரவே கூடாது. மேக்கர், அதாவது கேக்குறவர் ஒருத்தர்; செக்கர், அதாவது சரிபார்த்து அங்கீகரிக்கிறவர் வேற ஒருத்தர். இந்தப் பிரிவு மெதுவா தெரிஞ்சாலும் மோசடியைத் தடுக்குறது அதுதான். தணிக்கைக்கு வேண்டிய பதிவும் அப்படித்தான். ஒரு படியை எடுக்கறதுக்கு முன்னாடி ‘இது எந்தத் தப்பு நடந்ததால வந்துச்சு?’ன்னு பழைய ஆளுங்ககிட்ட கேளுங்க. காரணம் இன்னும் உயிரோட இருந்தா படியும் இருக்கட்டும்.

இன்னொரு தப்பு, நம்ம சுமையை அடுத்தவங்க மேல தள்ளுறது. அக்கவுண்ட்ஸ் தன் 10 நிமிஷத்தை மிச்சம் பிடிக்க, ஊழியரை மூணு புதுக் கட்டம் நிரப்ப வச்சா மொத்த நேரம் கூடத்தான் செய்யும். அதனால அளவை ஒருத்தர் மேஜையில எடுக்காதீங்க. பில் குடுத்த நாள்ல இருந்து பணம் வந்த நாள் வரைக்கும் எண்ணுங்க, கூடவே எத்தனை ஃபாரம் திரும்பிச்சுன்னும் குறிச்சு வைங்க. மாத்துறதுக்கு முன்னாடி 20 ஃபாரம், மாத்தினதுக்கு அப்புறம் 20 ஃபாரம். சராசரியை மட்டும் பார்க்காம, ரொம்ப நாள் எடுத்த ரெண்டு மூணு ஃபாரத்தைத் தனியா எடுத்து எந்த மேஜையில நின்னுச்சுன்னு பாருங்க. அடுத்து மாத்தவேண்டிய இடம் அந்த மேஜைதான்.