மனநிலை ஆப்புக்கு என்ன விளம்பரம் எழுதலாம்? சேலம் தம்பியின் கேள்விக்குப் பதில்

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்விதான், ஏனென்றால் இது இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. சேலத்திலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்: "அண்ணா, நானும் ரெண்டு நண்பர்களும் சேர்ந்து மனநிலையைக் குறித்து வைக்க ஒரு ஆப் செய்திருக்கிறோம். தினமும் ஒரு முகத்தைத் தொட்டுவிட்டு ரெண்டு வரி எழுதினால் போதும். பிளே ஸ்டோரில் 'டிப்ரெஷனைப் போக்கும்' என்று போடலாமா? அப்படிப் போட்டால்தான் டவுன்லோட் ஆகும் என்கிறார்கள்."

போடாதீர்கள் தம்பி. தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு நான் என்ன சொல்லப் போகிறேன் என்று இப்போதே தெரிந்திருக்கும். தெர்மாமீட்டர் காய்ச்சலைக் காட்டும், இறக்காது. தூக்கத்தை அளக்கும் வாட்ச் பற்றிப் பேசிய அன்றும் இதைத்தான் சொன்னேன்.

எங்கள் பெரியப்பா தவறிய பிறகு பெரியம்மாவுக்கு ராத்திரியில் படபடப்பு வர ஆரம்பித்தது. டாக்டர், என்றைக்கு எப்படி இருக்கிறது என்று எழுதிக்கொண்டு வரச் சொன்னார். பெரியம்மா தினசரி காலண்டர் தாளைக் கிழிக்கும்போது பின்பக்கம் பென்சிலில் 'தூக்கம் வரலை', 'பரவால்ல', 'படபடப்பு' என்று எழுதி, ரப்பர் பேண்ட் போட்டு மஞ்சப்பையில் எடுத்துப் போனார். டாக்டர் அத்தனை தாளையும் மேஜையில் பரப்பிப் பார்த்தால், 'படபடப்பு' பெரும்பாலும் புதன்கிழமைத் தாளில்தான் இருக்கிறது. மறுநாள் வியாழன், சந்தை நாள். பெரியப்பாதான் வண்டியில் கூட்டிப் போவார். அதுவரை பெரியம்மாவே அதைக் கவனிக்கவில்லை. அன்றைக்குத்தான் டாக்டர் அறையில் முதல்முறையாக வாய்விட்டு அழுதார். அப்புறம் அக்கா வியாழக்கிழமைகளில் கூடப் போக ஆரம்பித்தாள், கொஞ்சம் கொஞ்சமாகச் சரியானது.

காலண்டர் தாள் காட்டிக் கொடுத்தது, அவ்வளவுதான். பார்த்துக் கேட்க ஒரு மனுஷர் இருந்தார். உங்கள் ஆப் செய்யக்கூடியதும் இதுதான், இதுவே பெரிய விஷயம், தைரியமாக இதையே எழுதுங்கள்: 'உங்கள் நாட்கள் எப்படிப் போகின்றன என்று குறித்து வைக்கலாம், டாக்டரிடமோ கவுன்சிலரிடமோ காட்டலாம்.'

ஆப்பில் பிஎச்க்யூ-9 கேள்விகளையும் வைத்திருப்பதாகத் தம்பி கடைசியில் எழுதியிருக்கிறார். தெரியாதவர்களுக்கு: டிப்ரெஷன் அறிகுறி இருக்கிறதா என்று பார்க்க, கடந்த இரண்டு வாரம் எப்படி இருந்தது என்று ஒன்பது கேள்வி, மொத்தம் 0 முதல் 27 வரை மதிப்பெண். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் யாராவது உட்கார்ந்து பேசிப் பார்க்க வேண்டும் என்று பொருள். 'உங்களுக்கு டிப்ரெஷன்' என்று ஸ்கிரீனில் போட அது போதாது, தைராய்டு கோளாறில்கூட இதே சோர்வு வரும். ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ தோன்றியதா என்பது. அதற்கு 'இல்லை' என்பதைத் தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும், மொத்த மதிப்பெண் குறைவாக இருந்தாலும் சரி, அந்த இடத்திலேயே அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 வர வேண்டும். இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். செட்டிங்ஸுக்குள் நாலாவது பக்கத்தில் ஒளித்து வைக்காதீர்கள்.

இன்னொன்று, அந்த ரெண்டு வரி எங்கே போகிறது? அமெரிக்காவில் பெட்டர்ஹெல்ப் என்ற ஆன்லைன் கவுன்சிலிங் நிறுவனம், ரகசியமாக வைப்போம் என்று சொல்லிவிட்டு வாடிக்கையாளர்களின் விவரங்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றுக்குக் கொடுத்தது என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டி, 2023-ல் 78 லட்சம் டாலர் கட்ட வைத்தது. 'பாதுகாப்பானது' என்று ஒரு வார்த்தை எழுதும் முன், உங்கள் ஆப்பில் எந்த விளம்பரக் கம்பெனியின் மென்பொருள் கோட் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். முடிந்தால் எல்லாவற்றையும் போனிலேயே வையுங்கள்.

சரி, விளம்பர வாசகம் பற்றிக் கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். ஆனால் நீங்கள் வேறொன்று கேட்டிருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷமாக இருந்திருக்கும்: மூன்று நாள் தொடர்ந்து அழுகிற முகத்தைத் தொட்டவருக்கு நாலாம் நாள் ஆப் என்ன சொல்ல வேண்டும்? நான் பார்த்த ஒரு ஆப்பில், மனசு விட்டுப்போய் எதையும் தொடாமல் கிடந்த ஒருத்தருக்கு, 'உங்கள் 21 நாள் தொடர்ச்சி அறுந்துவிட்டது!' என்று சிவப்பில் செய்தி வந்தது. படுக்கையை விட்டு எழ முடியாதவருக்கு அதுவும் ஒரு தோல்வியாகத்தான் தெரியும். 'எழுதாவிட்டால் பரவாயில்லை, யாரிடமாவது பேச வேண்டுமா?' என்று கேட்டு, அவரே முன்பு கொடுத்த அக்காவின் நம்பரையோ நண்பரின் நம்பரையோ காட்டுங்கள். அழைப்பதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்யட்டும்.

தம்பி, பிளே ஸ்டோர் பக்கத்தை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு அந்த நாலாம் நாள் ஸ்கிரீனை முதலில் எழுதி எனக்கு அனுப்புங்கள். அடுத்த வாரம் இங்கேயே வரி வரியாகப் பார்த்துவிடலாம்.