டி.எஸ்.எச். ஏறினால் தைராய்டு ஏறியதா?

நேயர்களுக்கு வணக்கம்.

ரத்தப் பரிசோதனைத் தாளை நீட்டிக்கொண்டே பலர் என்னிடம் சொல்வது இது: "டாக்டர், எனக்குத் தைராய்டு அதிகமாயிடுச்சு." வாங்கிப் பார்த்தால் டி.எஸ்.எச். அளவு கூடி 12 என்று இருக்கும். உண்மையில் அவருக்குத் தைராய்டு ஹார்மோன் குறைவு.

குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. டி.எஸ்.எச். என்றால் 'தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்'; அது கழுத்திலுள்ள தைராய்டில் சுரப்பதில்லை. மூளைக்கு அடியில், மூக்குக்கு நேர் பின்னால், பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்றொரு சுரப்பி தொங்குகிறது. அதன் சரக்கு இது. ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் குறைந்தால் பிட்யூட்டரி டி.எஸ்.எச்.சைக் கூட்டித் தைராய்டை விரட்டும். போதுமான அளவு வந்ததும் அடங்கிவிடும். பசித்த பிள்ளை அழுகிற கதைதான். சத்தம் பெரிதென்றால் பால் போதவில்லை. பிட்யூட்டரியே பழுதானால் இந்தக் கணக்கு உதவாது. அதனால்தான் சில நேரம் டி4 அளவையும், அதாவது தைராய்டே சுரக்கும் ஹார்மோனின் அளவையும், சேர்த்துப் பார்க்கச் சொல்கிறோம்.

ஒரு டி4 மூலக்கூறில் நான்கு அயோடின் அணுக்கள் உண்டு. சாப்பாட்டில் அயோடின் இல்லையென்றால் பிட்யூட்டரி எவ்வளவு விரட்டினாலும் தைராய்டால் டி4 தயாரிக்க முடியாது. பாவம், வீங்கத்தான் முடியும். முன்கழுத்துக் கழலை அப்படி வருவதுதான். இமயமலை அடிவாரத்துக் காங்க்ரா பள்ளத்தாக்கில் மருத்துவர் ராமலிங்கசுவாமி குழுவினர் 1956-இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். உப்பில் அயோடின் கலந்து கொடுத்த ஊர்களில் கழலை குறைந்தது. இன்று நம் அடுக்களையில் அயோடின் உப்பு இருப்பதற்கு அந்த ஆய்வும் ஒரு காரணம்.

சரி, மாத்திரைக்கு வருவோம். குறைந்த ஹார்மோனை ஈடுகட்டத் தரும் தைராக்சின் மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடுங்கள். காபிக்கு அரை மணி நேரமாவது பொறுங்கள். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இந்த மருந்தில் பாதி கழியவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். பிட்யூட்டரி அதைவிட நிதானம். டோஸ் மாற்றிய பத்தாம் நாளே லேபுக்கு ஓடாதீர்கள், ஆறு வாரம் போகட்டும். அப்புறம், "நார்மல் ஆயிடுச்சே" என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நார்மல் ஆனதே அந்த மாத்திரையால்தான்.

மாத்திரை சாப்பிடும் பெண்கள் கருவுற்றால் நிறுத்தவே கூடாது; தெரிந்த அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். முதல் மூன்று மாதம் குழந்தை தாயின் ஹார்மோனை நம்பித்தான் இருக்கிறது. பெரும்பாலும் டோஸைக் கூட்ட வேண்டியிருக்கும்.

வணக்கம்.