கல்லில் ஏறாத பெயர்கள்

அவைத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் முன்னாள் படைவீரர் சங்கத் தலைவர் அவர்களே, வரவேற்புரையில் என்னை அளவுக்கு மீறிப் புகழ்ந்த பேராசிரியர் அவர்களே, பதக்கம் அணிந்து முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். உப்பிட்டவருக்கே அந்த நினைப்பென்றால், உயிரையே இட்டவருக்கு? அயல்மண்ணில் உள்ள போர்க் கல்லறைகளின் பராமரிப்பு, உறவினர் அங்கே சென்றுவரும் வழி, அங்கே பொறித்துள்ள பெயர்கள் என மூன்றையும் பேசுவதாக அழைப்பிதழ் சொல்கிறது. நான் மூன்றாவதிலிருந்து தொடங்குகிறேன்.

1914இல் போர் மூண்டபோது ஃபேபியன் வேர் என்ற ஆங்கிலேயருக்கு வயது 45. படையில் சேரும் வயது கடந்துவிட்டதால், செஞ்சிலுவைச் சங்கத்தின் ஊர்தி அணிக்குத் தலைவராகப் பிரான்சுக்குப் போனார். காயம்பட்டவர்களை ஏற்றிவருவதுதான் வேலை. ஆனால் இறந்தவர்களைப் புதைத்த இடங்களை யாரும் முறையாகக் குறித்துவைக்கவில்லை என்பது அவர் கண்ணை உறுத்தியது. யாரும் ஏவாமலேயே அந்த அணி குறிக்கத் தொடங்கியது. பிறகு படையே அதைத் தன் பணியாக ஏற்றது. 1917இல் போர்க் கல்லறை ஆணையம் பிறந்தது. தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல் என்றது ஆணையம். செல்வாக்குள்ள குடும்பங்கள் கொதித்தன, 1920இல் பிரிட்டன் நாடாளுமன்றமே விவாதித்தது, கொள்கை நின்றது. (கைதட்டல்)

கைதட்டலைச் சற்றே நிறுத்துங்கள். பிரான்சின் நெவ் ஷப்பேல் நினைவிடத்தில் 4,700க்கும் மேற்பட்ட இந்தியர் பெயர்கள் கல்லில் உள்ளன. ஈராக்கின் பாஸ்ரா நினைவிடத்திலோ இந்திய அதிகாரிகளுக்குப் பெயரும், சாதாரணச் சிப்பாய்களுக்கு வெறும் எண்ணிக்கையும்தான் கிடைத்தன. ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களில் 45,000 முதல் 54,000 பேர்வரை சமமாக நினைவுகூரப்படவில்லை என்று 2021இல் ஆணையமே ஒப்புக்கொண்டது. நம் கிராமங்களில் பதித்த சலவைக்கற்களும், இவ்வூரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் மாண்டார்கள் என்று கணக்குத்தானே சொல்கின்றன? நடுகல்லில் பெயரும் பீடும் எழுதிய இனம் நாம்.

உப்பிட்டவரை நினைக்கப் பெயர் வேண்டாமா? லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்த பதிவேடுகளிலிருந்து பஞ்சாபின் சுமார் 3,20,000 வீரர்களின் விவரங்கள் வெளிவந்திருக்கின்றன. பழைய சென்னை மாகாணத்துக்கும் அப்படியொரு தேடல் வேண்டும் என்பதே என் கோரிக்கை. அரசுக்கான மனு வாசலில் இருக்கிறது, கையெழுத்திடுங்கள். வீட்டுப் பெட்டியில் முதல் உலகப்போர்ப் பதக்கம் இருந்தால் அதன் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். எண்ணும் பெயரும் படைப்பிரிவும் அங்கே பொறித்திருக்கும். அவற்றை அப்படியே எழுதி, ஊர்ப்பெயரோடு மேசையில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.