தீட்டுன பிறகு புல்வெட்டுற மெஷின் நடுங்குது, புது பிளேடு வாங்கணுமா?

அடுத்த கேள்வி பினாங்கு ஆயர் ஈத்தாம்ல இருந்து ஒரு அக்கா அனுப்பியிருக்காங்க. வீட்டு முன்னால கவ் கிராஸ் போட்டிருக்காங்க, தள்ளுற மெஷின்லதான் வெட்டுறாங்க. வெட்டுன மறுநாள் புல்லு நுனியெல்லாம் பழுப்பாயிடுதாம். கடையில கேட்டா மருந்து அடிக்கச் சொல்லியிருக்காங்க. அப்புறம் அவங்க வீட்டு அண்ணன் பிளேடைக் கழட்டி, கிரைண்டர்ல சவரக் கத்தி மாதிரி தீட்டி மாட்டியிருக்காரு. அன்னையில இருந்து மெஷின் கைப்பிடியைப் பிடிக்க முடியல, அப்படி நடுங்குதாம். "புதுசு வாங்கவா, இதையே தீட்டவா?"ன்னு கேக்குறாங்க.

அக்கா, முதல்ல அந்த மருந்தை வாங்காதீங்க. வெட்டுன புல்லு ஒண்ணைக் கிள்ளி உள்ளங்கையில வச்சுப் பாருங்க. நுனி கத்தரிக்கோல்ல வெட்டுன மாதிரி நேரா இருந்தா பிளேடு மேல குத்தமில்ல. நார் நாரா, வெள்ளையா பிஞ்சு தொங்குச்சுன்னா பிளேடு வெட்டல, அடிச்சுக் கிழிச்சிருக்கு. கிழிஞ்ச நுனி காஞ்சு பழுப்பாகும், அந்தக் காயம் வழியா பூஞ்சணமும் உள்ள போகும். கவ் கிராஸ் அகல இலை, அதனால பளிச்சுனு தெரியும்.

அப்போ அண்ணன் தீட்டுனது சரிதானே? தீட்டுனது சரி, தீட்டுன விதம்தான் சரியில்ல. எங்கப்பா ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டுனவரு. தினம் கல்லுல கத்தியைத் தீட்டி, கை ரோமத்துல வச்சுப் பாப்பாரு. அந்தக் கத்தி பட்டையை மெல்லிசா சீவணும், அதுக்கு அந்தக் கூர் வேணும். மெஷின் பிளேடு மண்ணுலயும் கல்லுலயும் அடிபடுறது. சவரக் கத்தி மாதிரி வச்சா முதல் கல்லுலயே முனை மடங்கிப் போயிடும். வெண்ணெய் தடவுற கத்தி அளவு கூர் போதும். சரிவு சுமார் 30 டிகிரி, ஏற்கெனவே பிளேடுல இருக்கிற சரிவையே பிடிச்சுக்கிட்டுப் போங்க.

இப்போ நடுக்கம். அண்ணன் ஒரு பக்கம் கூடத் தேச்சிருப்பாரு, அவ்வளவுதான். 20 அங்குல பிளேடு நிமிஷத்துக்கு 3000 சுத்து சுத்துனா, அதோட நுனி மணிக்கு 280 கிலோமீட்டருக்கு மேல ஓடுது. ஆமா, காடி இல்ல, புல்வெட்டுற பிளேடு! அந்த வேகத்துல ஒரு நுனியில 10 கிராம் கூட இருந்தா, அதாவது ரெண்டு 50 சென் காசு கனம்னு வச்சுக்குங்க, கணக்குப் போட்டா ஒவ்வொரு சுத்துலயும் 25 கிலோ மூட்டை இழுக்குற மாதிரி ஷாஃப்டை இழுக்கும். இப்படியே ஓட்டுனா பேரிங் போகும், நட்டெல்லாம் தளரும். அதனால சரி பண்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க அக்கா.

எப்படி சரி பண்றது? தம்பி, கேமராவைக் கொஞ்சம் கிட்ட கொண்டா. முதல்ல பிளக் வயரைக் கழட்டி தூர வச்சிடுங்க. இது இல்லாம யாரும் கீழ கை விடக் கூடாது, பிளேடைக் கையால திருப்புனாலே எஞ்சின் உசுர் புடிச்சுக்கலாம். மெஷினைச் சாய்க்கும்போது ஏர் ஃபில்டர் மேல பாக்கணும், இல்லன்னா ஆயில் அதுக்குள்ள இறங்கிடும். ஒரு மரக்கட்டையைக் குறுக்க கொடுத்துட்டு நட்டைக் கழட்டுங்க. கழட்டுறதுக்கு முன்னாடி, தரையைப் பாக்குற பக்கத்துல மார்க்கர்ல ஒரு கோடு. இது ஏன்னா, நான் தொழிலுக்கு வந்த புதுசுல ஒரு தாமான்ல தலைகீழா மாட்டிட்டேன். அரை கம்பவுண்டு தள்ளியாச்சு, மாடு மேஞ்சுட்டுப் போன மாதிரி கிடக்கு, வீட்டுக்கார அம்மா கதவுல நின்னு பாத்துக்கிட்டு இருக்காங்க. இறக்கை மாதிரி மடங்கின பாகம் மேல, மெஷின் பக்கம் பாக்கணும், ஞாபகம் வச்சுக்குங்க.

கழட்டுனதும் ஒட்டுன புல்லை நல்லா சுரண்டிடுங்க, காஞ்ச புல்லும் கனம்தான். செவுத்துல ஒரு ஆணி அடிச்சு, நடு ஓட்டையில பிளேடை மாட்டி, கிடையா வச்சுக் கையை விடுங்க. பாருங்க, இந்தப் பக்கம் இறங்குது. இறங்குற பக்கத்தை இன்னும் கொஞ்சம் தேய்க்கணும். மறுபடி மாட்டுங்க. ரெண்டு பக்கமும் அசையாம நின்னா முடிஞ்சது. தேய்க்க அரம் நல்லது, ஹார்ட்வேர் கடையில கிகிர்னு கேட்டாத்தான் எடுத்துக் குடுப்பாங்க. வைஸ்ல கவ்வ வச்சு ஒரே திசையில தள்ளுங்க. கிரைண்டர்தான் வேணும்னா அடிக்கடி தண்ணியில முக்குங்க. நுனி நீலமாச்சுன்னா இரும்போட பதம் போச்சு, அப்புறம் எத்தனை தீட்டுனாலும் கூர் நிக்காது.

அப்போ எப்போ புதுசு? வளைஞ்சிருந்தா, விரிசல் இருந்தா, அந்த இறக்கை மெல்லிசாகி ஓட்டை விழப் போற மாதிரி இருந்தா, யோசிக்காதீங்க. வளைஞ்சதைச் சுத்தியல்ல தட்டி நிமித்துறவங்க இருக்காங்க, வேண்டாம் லா. உடைஞ்சு பறந்தா யார் கால்ல விழும்னு யாருக்குத் தெரியும்? தஞ்சோங் பூங்கா பக்கம் மாதிரி மணல் தரையில ஓட்டுனா இறக்கை சீக்கிரம் தேயும். வாங்கப் போறப்போ பழைய பிளேடையே கையோட எடுத்துக்கிட்டுப் போங்க, நீளமும் நடு ஓட்டையோட வடிவமும் மெஷினுக்கு மெஷின் மாறும்.

புதுசு போட்டும் நடுங்குச்சுன்னா ஷாஃப்ட் வளைஞ்சிருக்கலாம், வேர்லயோ கல்லுலயோ ஒரு தடவை நல்லா அடிபட்டிருந்தா அப்படி ஆகும். அதுக்கு ஒர்க்‌ஷாப்தான்.

இன்னொண்ணு, சுமார் 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு தடவை தீட்டுனா சரி. குளிர் நாட்டுல புல்லு சில மாசம் தூங்கும், நம்ம பினாங்குல பன்னெண்டு மாசமும் வளருது. வாரம் ஒரு மணி நேரம் வெட்டுறவங்களுக்கு ஆறு மாசத்துல 25 வந்துடும். உங்களது சின்ன கம்பவுண்டுன்னா தீபாவளிக்கு முன்னால ஒரு தடவை போதும் அக்கா. பிளேடைக் கழட்டுனதும் அந்த இறக்கையை மட்டும் ஒரு படம் எடுத்து அனுப்புங்க, பாத்துட்டுச் சொல்றேன். சரி தம்பி, அடுத்தது யாரு?