காளை சாகும், பூசாரி திரும்பி வருவார்: ஹியராபோலிஸின் பாதாள வாசல்

[திரையில்: பமுக்கலேயின் வெள்ளைப் படிகள்]

துருக்கியில் பமுக்கலே போகிறவர்கள் அந்த வெள்ளைவெளேர் சுண்ணாம்புப் படிகளில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அதற்கு மேலேயே ஹியராபோலிஸ் என்ற பழைய நகரம் கிடக்கிறது. அங்கே ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு பொந்து. பாதாள உலகத்தின் தலைவன் புளூட்டோவிடம் போகும் வழி அதுதான் என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள்.

இத்தாலியின் அவெர்னஸ் ஏரி, கிரேக்கப் பெருநிலத்தின் தென்கோடியில் தைனரோன் முனை என்று பாதாள வாசல்கள் வேறு இடங்களிலும் உண்டு. ஆனால் ஹியராபோலிஸில் கூட்டமே கல்படிகளில் உட்கார்ந்து சாவை வேடிக்கை பார்த்தது.

[திரையில்: பொந்தின் முன் காளை, வரைபடம்]

காளையை உள்ளே ஓட்டுவார்கள், சுருண்டு விழும், பிணமாக வெளியே இழுப்பார்கள். ஆனால் கூடப் போன பூசாரிகள், சிபெல்லே தாய்த்தெய்வத்துக்காக ஆண்மை நீக்கிக்கொண்டவர்கள், நடந்தே திரும்பி வருவார்கள். சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் ஸ்ட்ராபோ என்ற புவியியலாளர் நேரில் போய், தானே சில குருவிகளை எறிந்து பார்த்திருக்கிறார். எறிந்ததும் செத்து விழுந்தன. மனுஷன் சும்மா சொல்லவில்லை!

[திரையில்: அகழாய்வுப் படங்கள்]

2013-இல் இத்தாலியத் தொல்லியலாளர் ஃபிரான்செஸ்கோ டி'ஆண்ட்ரியாவின் குழு, வெந்நீர் ஊற்றின் தடத்தைப் பிடித்துப் போய் வாசலைக் கண்டுபிடித்ததாக அறிவித்தது. புளூட்டோ பெயர் பொறித்த கல்வெட்டும் கிடைத்தது. தோண்டும்போதே பறவைகள் அருகே வந்து செத்தனவாம்.

சரி, கொல்வது எது? நிலப்பிளவு வழியாகக் கசியும் கார்பன் டை ஆக்சைடு. 2018-இல் ஹார்டி ஃபான்ஸ் குழு வெளியிட்ட ஆய்வின்படி உள்ளே 91 சதவீதம் வரை இருக்கிறது. காற்றைவிட கனம் என்பதால் தரையோடு தேங்கும், இரவெல்லாம் சேர்ந்து விடியற்காலையில் உச்சத்தில் இருக்கும், வெயில் ஏறினால் கலைந்துவிடும். காளையின் மூக்கு அந்தத் தேக்கத்துக்குள்ளேயே இருக்கும், நிமிர்ந்து நிற்கும் பூசாரியின் மூக்கு அதற்கு மேலே.

வெறும் மோசடி என்று நான் சொல்லமாட்டேன், தெய்வம்தான் காக்கிறது என்று அவர்களும் நம்பியிருக்கலாம். ஆனால் உயரம் மட்டும் போதாது, ஏனென்றால் அவர்கள் பொந்துக்குள் குனிந்து கொஞ்ச தூரம் இறங்கவும் செய்தார்கள். ஸ்ட்ராபோ அங்கேயும் அவர்கள் முகத்தைக் கவனித்திருக்கிறார்: மூச்சு முட்டுவது தெரிந்ததாம், அதாவது தம் கட்டிக்கொண்டுதான் போயிருக்கிறார்கள். ஆண்மை நீக்கியதாலா, தெய்வ அருளா, ஏதாவது மாற்று மருந்தா என்று அவரும் யோசித்துவிட்டு முடிவு சொல்லாமலே விட்டுவிட்டார்.