மழை இரவில் சேவையகத்தின் சுமையைக் குறைத்தல்: கேஷ் இயங்கும் விதம்

[காட்சி: இரவு. லயத்து வாசலில் மழை. கைப்பேசித் திரையில் மாவட்ட வரைபடம்.]

இலங்கையின் நுவரெலியாவிலும் பதுளையிலும் விடாமல் மழை கொட்டும் இரவுகளில், மலைச்சரிவை ஒட்டிய, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் நிம்மதியாக உறங்குவோர் குறைவு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கை மஞ்சளா, செம்மஞ்சளா, வெளியேறச் சொல்லும் சிவப்பா என்று மக்கள் மீண்டும் மீண்டும் பார்க்கிறார்கள். அதைக் காட்டும் செயலி ஒன்றை நாம் உருவாக்குவதாக வைத்துக்கொள்வோம்.

ஒரே மாவட்டத்தின் நிலையை விநாடிக்கு 200 பேர் கேட்டால், சேவையகம் 200 முறை தரவுத்தளத்தைத் தேடி, எழுத்துக்கு எழுத்து ஒரே பதிலை 200 முறை தயாரிக்கிறது. மலைமேல் உள்ள ஊற்றுக்கு ஒவ்வொரு வீட்டாரும் குடத்தோடு ஏறுவதற்கு இது ஒப்பானது. லயத்தருகே தொட்டி கட்டிப் பீலியில் தண்ணீர் பிடிப்பதுதான் கேஷ்: ஒருமுறை தயாரித்த பதிலை அருகில் சேமித்து, மீண்டும் மீண்டும் வழங்குவது.

[காட்சி: செயலி, என்ஜின்எக்ஸ், சேவையகம் என மூன்று பெட்டிகள்.]

சேவையகம் தன் பதிலோடு 'கேஷ்-கன்ட்ரோல்: பப்ளிக், மேக்ஸ்-ஏஜ்=30' என்ற தலைப்பை (பதிலைக் கையாளும் விதத்தைச் சொல்லும் குறிப்பு வரி) அனுப்பினால், செயலிக்கும் சேவையகத்துக்கும் நடுவில் நிற்கும், கேஷ் இயக்கப்பட்ட என்ஜின்எக்ஸ் என்ற மென்பொருள் அப்பதிலை 30 விநாடிகள் வைத்திருந்து தானே வழங்கும். அந்த 30 விநாடிகளில் வரும் 6,000 கேள்விகளில் ஒன்று மட்டுமே சேவையகத்தை எட்டும். இந்தக் கணக்கை நினைவில் வைத்திருங்கள். சுமை குறைய வேண்டும் என்பதற்காக ஒரு மணி நேரம் சேமிக்கத் தேவையே இல்லை. உயிரோடு தொடர்புடைய தகவலை அவ்வளவு நேரம் பழையதாக விடுவது தவறு என்பதே என் உறுதியான கருத்து.

[காட்சி: 30ஆவது விநாடி. அம்புக்குறிகள் ஒன்றாகப் பாய்கின்றன.]

ஆனால் காலம் முடியும் அந்தக் கணத்தில், புதிய பதில் தயாராகும் முன்பே வந்து சேரும் கேள்விகள் அனைத்தும் ஒரேயடியாகச் சேவையகத்தின் மீது விழக்கூடும். என்ஜின்எக்ஸில் 'ப்ராக்ஸி கேஷ் யூஸ் ஸ்டேல் அப்டேட்டிங்' என்ற அமைப்பை இயக்கினால், ஒரு கேள்வி மட்டும் உள்ளே சென்று புதிய பதிலைக் கொண்டுவரும் வரை ஏனையவற்றுக்குப் பழைய பதிலே கிடைக்கும்.

நம் நாட்டுக்கே உரிய இன்னொரு சிக்கல் மொழி. செயலி சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்று மொழிகளிலும் ஒரே இணைய முகவரியைப் பயன்படுத்தினால், சிங்களத்தில் சேமிக்கப்பட்ட பதில் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த ஒரு தாயின் கைக்குப் போய்ச் சேரலாம். 'வேரி: அக்செப்ட்-லாங்குவேஜ்' என்ற தலைப்பு, மொழி விருப்பத்துக்கு ஏற்பப் பதில்களைத் தனித்தனியே சேமிக்கச் செய்து இதைத் தடுக்கும், எனினும் கைப்பேசிகள் மொழி விருப்பத்தைப் பல வடிவங்களில் அனுப்புவதால் சேமிப்புச் சிதறிப்போகிறது. முகவரியிலேயே மொழியைக் குறிப்பது நல்லது.

பயனரின் வீட்டு இருப்பிடம் போன்ற தனிப்பட்ட பதில்களுக்கு, 'சேமிக்காதே' என்று பொருள்படும் 'நோ-ஸ்டோர்' கட்டாயம்.

[காட்சி: திரையில் எச்சரிக்கை, அதன் கீழே நேரம்.]

சேவையகம் செயலிழந்தால் பழைய பதிலையே வழங்குமாறு என்ஜின்எக்ஸை அமைக்கலாம். அப்படி அமைப்பதாயின், எச்சரிக்கை வெளியான நேரத்தைப் பதிலுக்குள்ளேயே வைத்து, திரையில் பெரிய எழுத்தில் காட்டுங்கள். வெளியேறுவதா, காத்திருப்பதா என்பதை அந்த நேரத்தைப் பார்த்துத்தான் மக்கள் முடிவு செய்வார்கள்.