பார்த்தவர் பேசட்டும்

நடுவர் அவர்களே, இரு அணி நண்பர்களே, அவையோரே, எல்லோருக்கும் வணக்கம். பேரிடரின் வரலாற்றை நமக்குத் தருவது அலுவலகப் பதிவேடா, பட்டவர் வாய்மொழியா? நான் வாய்மொழிப் பக்கம்.

எனக்கு முன் பேசிய எதிரணி அண்ணன் நன்றாகவே கைத்தட்டல் வாங்கினார். அதில் பாதி ஒரே ஒரு வரிக்கு. "காட்டில் தீ அணைத்த தாத்தாவையும் தெருவில் கோஷம் போட்ட வீட்டம்மாவையும் உட்காரவைத்துப் பதிவு செய்தால் வருவது வரலாறு இல்லை, வம்பு" என்றார். அண்ணே, அந்த வரியை நான் விடப்போவதில்லை. அதற்கு முன் எல்லோரும் என்னோடு ஒரு மலைச்சரிவுக்கு வாருங்கள்.

1949 ஆகஸ்ட் 5. அமெரிக்காவின் மொன்டானா மாநிலம், மிசூரி ஆற்றை ஒட்டிய மான் கல்ச் பள்ளத்தாக்கு. விமானத்திலிருந்து பாராசூட்டில் 15 பேர் குதிக்கிறார்கள். காட்டுத்தீயை அணைப்பதுதான் அவர்கள் வேலை. பெரும்பாலும் கல்லூரி வயதுப் பையன்கள். கீழே தனி ஆளாகத் தீயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த வனக் காவலர் ஒருவரும் சேர, மொத்தம் 16 பேர். பெரிய தீ இல்லை, மறுநாள் காலைக்குள் அடக்கிவிடலாம் என்ற நம்பிக்கையில் ஆற்றை நோக்கி இறங்குகிறார்கள்.

பார்த்தால், தீ இந்தப் பக்கம் தாவி வந்து அவர்களுக்கும் ஆற்றுக்கும் நடுவில் நிற்கிறது. காற்று அவர்களை நோக்கி அடிக்கிறது. சரிவு முழுக்கக் காய்ந்த புல். தலைவர் வாக்னர் டாட்ஜ் எல்லோரையும் திருப்பி மேட்டை நோக்கி விரட்டுகிறார். கொஞ்ச தூரம் போனதும், சுமையையெல்லாம் போட்டுவிட்டு ஓடுங்கள் என்கிறார். தீயணைப்பவனிடம் மண்வெட்டியைப் போடச் சொன்னால், நிலைமை கைமீறிவிட்டது என்று அவனுக்குத் தெரியாதா?

அடுத்து அவர் செய்ததைக் கேளுங்கள். ஓட்டத்தை நிறுத்தினார். தீக்குச்சி எடுத்தார். கிழித்தார். தன் கால்மாட்டில் இருந்த புல்லைக் கொளுத்தினார்!

துரத்துகிற தீ முதுகுக்குப் பின்னால். வழிகாட்ட வேண்டியவரோ முன்னால் நின்று தீ வைக்கிறார். அவையோரே, அந்தச் சரிவில் நீங்கள் இருந்தால் என்ன நினைப்பீர்கள்? இந்த மனுஷனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுதானே? அந்தப் பையன்களும் அப்படித்தான் நினைத்தார்கள். இதற்குள் வந்துவிடுங்கள் என்று கத்துகிறார், கையை ஆட்டுகிறார். ஒருவர்கூட நிற்கவில்லை. அவரைத் தாண்டி ஓடினார்கள்.

அவர் வைத்த தீ புல்லைத் தின்றுவிட்டு மேலே ஏறியது. அந்தச் சூடு ஆறாத சாம்பலில் நுழைந்து, நனைத்த கைக்குட்டையை முகத்தில் வைத்துக் குப்புறப் படுத்தார் டாட்ஜ். பெரிய தீ வந்தது. அங்கே எரிய எதுவும் இல்லை. விலகிப் போனது. அந்தக் காற்று அவரைத் தரையிலிருந்து தூக்கித் தூக்கிப் போட்டது. ஆனாலும் உயிரோடு எழுந்தார்.

13 பேர் இறந்தார்கள். டாட்ஜோடு தப்பியவர்கள் இருவர்தான். பாறை இடுக்கில் புகுந்து முகட்டைக் கடந்த வால்டர் ரம்சி, ராபர்ட் சாலி.

எதிரணி விரும்பும் சான்றும் இங்கே இருக்கிறது. இறந்த ஒருவருடைய கைக்கடிகாரம். ஆறு மணிக்கு நாலு நிமிடம் இருக்கும்போது முள் நின்றுபோயிருந்தது. அந்தச் சான்றை நான் மறுக்கவில்லை. ஆனால் பையன்கள் ஏன் நிற்கவில்லை என்று அந்தக் கடிகாரத்தைக் கேளுங்கள். சொல்லாது. ஓடியவன் அல்லவா அதைச் சொல்ல வேண்டும்? சாலி சொன்னார். தலைவர் தீ வைத்ததைக் கண்ணால் பார்த்தோம், எதற்கென்று புரியவில்லை என்றார். புரியவில்லை! அந்தச் சரிவில் நடந்த கொடுமை முழுவதும் அதற்குள் அடங்கிவிடுகிறது. உயிர்களைப் பலிவாங்கிய தீக்களை ஆராய்ந்து 1957-ல் அமெரிக்க வனத்துறை பத்துக் கட்டளைகள் வகுத்தது. ஆராய்ந்தவற்றில் மான் கல்ச்சும் ஒன்று. உத்தரவைத் தெளிவாகச் சொல், அது புரிந்ததா என்று உறுதி செய்துகொள் என்பது அந்தப் பத்தில் ஒரு கட்டளை. பிழைத்து வந்தவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இது எங்கிருந்து கிடைக்கும்?

சரி, இப்போது அண்ணனுடைய "வீட்டம்மா வம்பு".

அண்ணே, இதை முதலில் சொன்னது நீங்கள் இல்லை. நியூயார்க் மாநிலத்தில் நயாகரா ஃபால்ஸ் ஊர், லவ் கெனால் குடியிருப்பு. 1942 முதல் 1953 வரை ஒரு ரசாயன நிறுவனம் அங்கிருந்த பழைய கால்வாயில் 21 ஆயிரம் டன்னுக்கு மேல் கழிவைக் கொட்டி மண்ணைப் போட்டு மூடியது. பிறகு பள்ளி வாரியத்துக்கு ஒரு டாலருக்கு எழுதிக்கொடுத்தது. உள்ளே ரசாயனக் கழிவு இருக்கிறது என்று பத்திரத்திலேயே இருந்தது. அதன்மேல்தான் பள்ளிக்கூடம் கட்டினார்கள். ஆவணம் காப்பாற்றும் என்கிறீர்களே, ஒரு குழந்தையைக் காப்பாற்றியதா?

1978 ஆகஸ்ட் 2-ம் தேதி மாநில அரசு அவசர நிலை அறிவித்தது. கர்ப்பிணிகளும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் வெளியேறலாம் என்றது. அப்படியானால் மூன்று வயதுக் குழந்தைக்கு விஷம் ஏறாதா? லோயிஸ் கிப்ஸ் என்ற தாய் திருப்பிக் கேட்டார். கால்வாயை ஒட்டிய வீடுகளைக் காலி செய்தார்கள், மற்றவர்களுக்கு ஆபத்து இல்லை என்றார்கள். கிப்ஸும் அக்கம்பக்கத்துப் பெண்களும் நம்பவில்லை. வீடு வீடாகப் போனார்கள், தொலைபேசியில் கேட்டார்கள். யாருக்குக் கரு கலைந்தது, யார் குழந்தை குறையோடு பிறந்தது, யாருக்கு வலிப்பு என்று எழுதினார்கள். எழுதியதை வரைபடத்தில் குறித்தார்கள். நோய்கள் சிதறிக் கிடக்கவில்லை, வரிசை வரிசையாக ஓடின. மூடப்பட்ட பழைய ஓடைகள் எங்கே இருந்தன என்று ஊரில் நெடுநாள் இருந்தவர்கள் நினைவிலிருந்து சொன்னார்கள். நோய் ஓடிய வழியும் அதே வழிதான்!

இந்தக் கணக்கை அதிகாரிகளிடம் கொண்டுபோய் நீட்டியபோது வந்த பதில், இது உபயோகமில்லாத வீட்டம்மா கணக்கு. கேட்டீர்களா அண்ணே? நீங்கள் சொன்ன அதே சொல். 1979 பிப்ரவரியில் என்ன நடந்தது? ஆபத்து இல்லை என்று சொன்ன அந்த வெளிப்பகுதியிலிருந்தும் கர்ப்பிணிகளையும் சின்னக் குழந்தைகளையும் அரசே வெளியேறச் சொன்னது. 1980 டிசம்பரில், கைவிடப்பட்ட நச்சுக் கழிவிடங்களைச் சுத்தம் செய்ய நாடு முழுவதற்குமான சட்டமே வந்துவிட்டது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1979-ல் டியான் ஷுல்மன் என்ற பெண் பாராசூட் தீயணைப்புப் பயிற்சிக்குப் போனார். ஐந்து பவுண்டு எடை குறைவு என்று திருப்பி அனுப்பினார்கள். பதிவேட்டைப் பார்த்தால் எடை போதாது, அவ்வளவுதான். என்னைவிட எடை குறைந்த ஆண்களை எடுத்திருக்கிறீர்களே என்று அவர் புகார் கொடுத்தார். 1981-ல் அந்த வேலைக்குச் சேர்ந்த முதல் பெண் அவர்தான்.

நினைவு தவறும் என்பார்கள். தவறட்டும், ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்வோம். நான் கேட்பது வேறு. மான் கல்ச்சில் இறந்த பையன்களில் ஒருவனுக்கு அன்றைக்குத்தான் பத்தொன்பதாவது பிறந்தநாள். பிறந்தநாள் சாப்பாட்டில் இருந்தவனைத்தான் வேலைக்கு அழைத்தார்கள். பதிவேட்டில் அவனும் பதின்மூன்றில் ஒன்று. அவனோடு ஓடிய சாலிக்கு 17 வயது, அவர் குதித்த முதல் தீயே அதுதான். 2014-ல் அவர் இறக்கும்வரை அந்த நண்பர்கள் அவருக்கு எண்களாகவா இருந்திருப்பார்கள்?

லவ் கெனாலின் அந்தக் கதவுகளை நினைத்துப் பாருங்கள். கதவைத் தட்டியவளும் ஒரு தாய், திறந்தவளும் ஒரு தாய். எத்தனையாவது மாதத்தில் போயிற்று என்று கேட்க இவளுக்கு வாய் வந்திருக்குமா? சொல்ல அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? மூன்றாம் மாதத்தில் கலைந்த கருவுக்கு எந்த அலுவலகம் சான்றிதழ் தருகிறது? அதற்குப் பெயர் இல்லை, பிறந்த தேதி இல்லை. அது இருந்தது என்பதற்கு அந்தத் தாய் ஒருத்திதான் சாட்சி.

அந்தத் தாயை எதிரில் உட்காரவைத்து, நீ சொல்வது வம்பு என்று சொல்ல அண்ணனுக்கு மனம் வருமா? வராது, எனக்குத் தெரியும். அவர் நல்லவர். நடுவர் அவர்களே, தீர்ப்பை அந்தத் தாய் பக்கம் எழுதுங்கள். நன்றி, வணக்கம்.